விண்கலத்தின் கொண்டக்டர்

ஐந்து பேர் போகிற காரில் ஒன்பது பேர் போனோம். டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் ஒரு கலியாணம். ஓகூஸில் இருந்து ஒரு மணித்தியாலத்துக்கும் மேலே ஓட்டம். என் மடியில் யாரோ வீட்டுக் குழந்தை, குழந்தையின் மடியில் பலகாரப் பெட்டி. பாதி வழியில் பொலிஸ் மறித்தது. பொலிஸ்காரன் கண்ணாடி வழியாகத் தலையை விட்டு எண்ணத் தொடங்கினான். ஏழு வரை எண்ணிவிட்டு அலுத்துப்போய் நிறுத்திவிட்டான்.

கார் கொண்டக்டர் அண்ணையுடையது. ஓட்டியதும் அவர்தான். டெனிஷ் மொழி அவருக்குக் கடைசிவரை சரியாக வரவில்லை. ஆனால் ஒரு வசனத்தை மட்டும் இங்கே பிறந்தவர் போலச் சொல்வார். "டெர் எ பிளஸ்." இடம் இருக்கிறது என்று அர்த்தம். பொலிஸ்காரனிடமும் அதைத்தான் சொன்னார். அவனையும் ஏறச் சொல்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

நாலு பேரை இறங்கச் சொன்னார்கள். இறங்கினோம். நானும் ஒருத்தி. அவரும் இறங்கினார். சாவியை உள்ளே இருந்த ஒருவரிடம் கொடுத்தார். தான் இறங்கியதால் மிஞ்சிய இடத்தில், இறக்கிவிட்டவர்களில் வயதான ஒரு அம்மாவைத் திரும்ப ஏற்றினார். பிறகு எங்களோடு வந்து மழையில் பஸ் தரிப்பில் நின்றார்.

"அண்ணை, நீங்கள் ஏன் இறங்கினனீங்கள்? உங்கட கார்தானே?" என்று சினந்தேன். என் புதுச் சீலை நனைந்துகொண்டிருந்தது.

"ஆக்கள ரோட்டில விட்டுப்போட்டு கொண்டக்டர் போறல்ல புள்ள. கொண்டக்டர் கடைசியாத்தான் ஏறுற."

தாலி கட்டி முடிந்து, சாப்பாடும் முடிகிற நேரத்தில்தான் போய்ச் சேர்ந்தோம்.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். அவருக்குப் பிடிக்காது. ஊரில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். மட்டக்களப்புப் பக்கம். இங்கே வந்து பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் நின்றதில் முதுகும் ஒரு காதும் போயின. எல்லாருக்கும் அவர் கொண்டக்டர் அண்ணைதான்.

ஒன்று நிரம்பிவிட்டது என்று அந்த மனிதன் ஒருநாளும் ஒத்துக்கொண்டது கிடையாது. எங்கள் மாடிக்கட்டடத்து லிப்டில் ஆறு பேர் என்று எழுதியிருக்கும். அவர் உள்ளே நின்றால் கதவைக் காலால் தடுத்துக்கொண்டு எட்டாவது ஆளைக் கூப்பிடுவார். அவருடைய இரண்டு அறை வீட்டில் எப்போதும் யாராவது தங்கியிருப்பார்கள். புதிதாக வந்தவர், பெண்சாதியோடு சண்டை பிடித்தவர், பெண்சாதியிடம் அடி வாங்கியவர். ஒருமுறை நான் போனபோது அவரே குளியலறைக்கு முன்னால் பாய் போட்டுப் படுத்திருந்தார்.

"இதென்ன அண்ணை கோலம்?"

"இடம் இரிக்கி புள்ள. எல்லாரும் கொஞ்சம் முன்னுக்குப் போனா இடம் வரும்."

ஏன் இப்படி ஆனார் என்று எங்கள் சனத்திடம் ஆளுக்கொரு கதை இருந்தது. ஆமி மறித்த பஸ்ஸில் யாரையோ இறக்கிவிட்டாராம். அந்தப் பாவம்தானாம். இன்னொருவர் வேறு மாதிரிச் சொன்னார். இப்படிக் கதை கட்டுகிற ஆட்களை எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. நான் நேராகவே கேட்டேன்.

"அப்படி ஒரு கதையுமில்லகா" என்றார். "எங்கட ஊருக்குக் காலமை ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். நான் விட்டுப்போட்டுப் போனா அந்த மனிசி ஆசுபத்திரிக்குப் பின்னேரந்தான் போகலாம். அந்தப் புள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனை போயிடும். மறுகா எப்படி விடுற? நெருக்கி ஏத்தத்தான் வேணும். தொழில் அதுதானே."

அவ்வளவுதான். தொழில்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். நான் தச்சு வேலை செய்கிறவள். ஸ்கீவ என்கிற ஊரில் வளர்ந்து, பள்ளிக்கூடம் முடித்து, தச்சு படிக்கப் போகிறேன் என்றபோது தமிழ்ச் சனம் சிரித்தது. அப்பாவிடம் துக்கம் விசாரிப்பது போல வந்து கேட்டவர்களும் உண்டு. சிரித்தவர்கள் எல்லாம் பிறகு அலுமாரி பொருத்திப் பூட்ட என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

ஓகூஸ் துறைமுகத்தில் ஒரு பழைய தானியக் களஞ்சியத்தைக் கலைக்கூடமாக மாற்றியிருந்தார்கள். அங்கே எனக்கு வேலை. சுவர் அடிப்பது, மேடை கட்டுவது, பெட்டி உடைப்பது. முதுகு போன ஆளுக்கு இருந்து செய்யும் வேலை என்று கொம்யூன், அதாவது நகரசபை, அவரையும் அங்கே அனுப்பியது. காட்சிக்கு வைத்திருப்பதை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டு ஸ்டூலில் இருக்க வேண்டும். முதல் நாளே காப்பி மேசையில் பிரச்சினை. ஆறு கதிரை, அவர் ஏழாவது ஆள். மற்றவர்கள் முறை வைத்துக் குடிப்பார்கள். அவர் சாமான் அறையில் இருந்து ஒரு பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். "டெர் எ பிளஸ்" என்றார். எல்லாரும் கதிரையை அரக்கினார்கள். அதற்குப் பிறகு அந்த மேசையில் ஒன்பது பேர் வரை இருந்திருக்கிறோம்.

ஊரில் போர் முடிந்த அந்த வசந்தத்தில் அங்கே ஒரு கண்காட்சி நடந்தது. விண்வெளி, எதிர்காலம், அதில் கறுப்பு மக்கள். அதுதான் விஷயம். ஆபிரிக்காவில் இருந்தும், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் கறுப்புக் கலைஞர்களிடம் இருந்தும் பெட்டி பெட்டியாக வந்தது. வற்றிய ஏரியில் விண்வெளி உடுப்போடு நடக்கிற ஒரு கிழவியின் படம். மணி கோத்துச் செய்த தலைக்கவசங்கள். எனக்கு ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் சனம் ஒரு கடற்கரைத் துண்டில் அடைபட்டு நாளுக்கு நாள் செத்துக்கொண்டிருந்த நேரம். இவர்கள் வைன் கிளாசைக் கையில் பிடித்துக்கொண்டு எதிர்காலம் பார்க்க வந்தார்கள்.

நடு மண்டபத்தில் ஒரு விண்கலம். நிஜமாகவே உள்ளே ஏறி இருக்கக்கூடிய விண்கலம். கிழக்கு ஆபிரிக்காவில் பிறந்து லண்டனில் வாழ்கிற ஒரு பெண் செய்தது. கூரைத் தகரம், எண்ணெய்ப் பீப்பாய், சைக்கிள் றிம் எல்லாம் சேர்த்து உடம்பு. நாலு இரும்புக் கால். உள்ளே பதினொரு சீற். சீற் எல்லாம் அவள் ஊரில் உடைத்த ஒரு மினிபஸ்ஸினுடையது. கிழிந்த றெக்சினைக் கையால் தைத்திருந்தாள். உள்ளே ஒரு பெண்குரல் தரிப்பிடங்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். சந்திரன், செவ்வாய், அதற்கு மேலே அவளே பெயர் வைத்த கோள்கள்.

துண்டு துண்டாக வந்த அதை அவளும் நானும் சேர்ந்துதான் பொருத்திப் பூட்டினோம். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த பெண். அதனால் எனக்குப் பிடித்தது. "முன்னொரு காலம் எங்கள் சனத்தைக் கப்பலின் அடித்தட்டில் அடைத்து ஏற்றினார்கள். பெயர் எழுதவில்லை, தொகை மட்டும் எழுதினார்கள். விண்வெளிக்குப் போகிற படங்களில் எங்களை ஏற்றவே இல்லை. ஆகவே இது எங்கள் கப்பல். எப்போதும் விடுபட்டவர்கள் போகிற கப்பல்" என்றாள். கோள்களுக்கு வைத்தது அந்தப் பெயரில்லாதவர்களுக்கு அவளே யோசித்து வைத்த பெயர்கள். எனக்கு அதற்குப் பிறகு அந்தக் கப்பலை நக்கலடிக்க மனம் வரவில்லை.

அவர் வந்து சுற்றிப் பார்த்தார். தகரத்தில் தட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம், "அவவட்ட கேள் புள்ள, எத்தின சீற்?" என்றார்.

கேட்டேன். பதினொன்று என்றாள்.

"இருக்கிறது பதினொண்டு. அப்ப நிண்டுகொண்டு எத்தின?"

இதை ஆங்கிலத்தில் சொன்னதும் அவள் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். அவளுடைய மாமா மினிபஸ் ஓட்டினவராம். அங்கேயும் கதவில் தொங்கிக்கொண்டு போகிற கொண்டக்டர்தானாம். இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு என்பதுதான் அவனுக்கும் வேதமாம். லண்டனில் எத்தனை பேர் இந்தக் கப்பலைப் பற்றி எழுதினார்கள், ஒருத்தரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை என்றாள்.

திறக்கிற அன்று காலை கலைக்கூடத்து மேலாளர் என்னிடம் வந்தார். "ஒரே நேரத்தில் எத்தனை பேரை உள்ளே விடலாம்?"

தரை பழைய பலகைத் தரை. கால்களுக்குக் கீழே நான்தான் தாங்கு பலகை போட்டிருந்தேன். தலையிடி வேறு. முதல் நாள் இரவு முழுக்க ஊர்ச் செய்தி. "பத்துப் பேர் தாங்கும்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொறுப்பு என்று வந்தால் பாதியாகக் குறைத்துச் சொல்வது, அதிலும் ஒன்றைக் கழிப்பது. "நாலு என்று போடுங்கள்" என்றேன். நாலு பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று ஒரு பலகை எழுதி வாசலில் அடித்தேன். பிறகு அந்த வாசலில் காவலுக்கு யாரை விட்டார்கள் என்று பார்த்தால், இவரை.

அன்று இன்னொன்றும் நடந்தது. விருந்தாளிகள் வருவதற்கு முன் விண்கலத்தின் நாலு காலுக்குக் கீழும் நாலு எலுமிச்சம்பழம். காலுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு சின்ன இடுக்கு இருந்தது, அதில் செருகியிருந்தது. மேலாளர் பதறிப்போனார். யாரோ குழப்படி செய்துவிட்டார்கள் என்றார்.

"நான்தான் வச்ச" என்றார் இவர். "புது வாகனமெல்லா. நசிச்சிக்கொண்டுதான் வெளிக்கிட வேணும்."

"அண்ணை, இது வெளிக்கிடாது. இது காட்சிக்கு."

"வெளிக்கிடாதத்துக்கு என்னத்துக்குகா சீற்?"

நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். கப்பல்காரி எலுமிச்சையை எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு லண்டனுக்குப் போய்விட்டாள். விவரப் பலகையில் தகரம், பீப்பாய், றெக்சின் என்ற வரிசையில் எலுமிச்சம்பழத்தையும் சேர்த்தார்கள். துப்புரவுப் பட்டியலில், வெள்ளிக்கிழமை எலுமிச்சை மாற்றவும் என்று எழுதினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. "இதென்ன சாமான் மாத்துற மாதிரி மாத்துறானுகள். இது நசிபட வைக்கிறதெல்லா" என்று ஒவ்வொரு வெள்ளியும் முணுமுணுப்பார்.

அவருக்கு ஒரு தங்கச்சி. வன்னியில் கலியாணம் கட்டியவள். புருசன், இரண்டு பொடியன், கடைசியாக ஒரு பெண்பிள்ளை, ஒன்பது வயது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அந்தக் கடற்கரைத் துண்டில் வந்து கிடந்தார்கள். பிள்ளைக்குக் காலில் ஷெல் குண்டின் துண்டு பட்டிருந்தது. காயப்பட்டவர்களை ஏற்ற இடைக்கிடை ஒரு கப்பல் வரும். காயப்பட்டவரோடு துணைக்கு ஒரு ஆள். அதற்கு மேல் இல்லை. ஒருமுறை கப்பல் வந்தபோது அவள் ஏறவில்லை. ஐந்து பேரும் ஏறலாம் என்றால் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டாளாம். கேள்விப்பட்டபோது நான் நினைத்தேன், அண்ணனுக்கு வாய்த்த தங்கச்சி.

அந்த நாட்களில்தான் போரை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் ஊர்வலம். ஓகூஸில் இருந்து ஒரு பஸ் பிடித்தார்கள். சீற் நிரம்பிவிட்டது. நடுவில் நிற்க ஆட்களை ஏற்றப் பார்த்தார் இவர். டெனிஷ் டிரைவர் எஞ்சினை நிற்பாட்டிவிட்டான். ஒரு ஆள் இறங்கினால்தான் எடுப்பேன் என்றான். இவர் இறங்கிவிட்டார். ஊர்வலத்தில் மைக் பிடித்துக் கத்தியவர்களில் பாதிப் பேர் இப்போது கடை வைத்திருக்கிறார்கள், ஊரில் காணி வாங்கி விட்டிருக்கிறார்கள். தங்கச்சி அங்கே கிடந்த மனிதன் பஸ் தரிப்பில் இருந்து வீட்டுக்கு நடந்து போனார்.

ஒவ்வொரு நாளும் விண்கலத்தின் வாசலில் இருந்தார். நாலு பேர் உள்ளே, மற்றவர்கள் வரிசையில். எனக்குத் தெரிந்து அந்த மனிதன் வாழ்க்கையில் முதல் தடவையாக இடம் இல்லை என்று சொல்லப் பழகியது அங்கேதான். விரலால் நாலு காட்டுவார். வாயால் சொல்ல மாட்டார். சாயங்காலம் பார்த்தால் தொழிற்சாலையில் பத்து மணித்தியாலம் நின்றவர் போல இருப்பார். "இருந்து செய்யிற வேலைதானே அண்ணை" என்று நான் பகிடி விட்டேன். சிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு அறையில் நானும் அவரும்தான். அவருடைய போன் அடித்தது. யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசியில் தங்கச்சி. அவருக்கு ஒரு காது கேளாது என்பதால் எப்போதும் சத்தமாகப் போட்டுத்தான் கதைப்பார். ஆகவே எனக்கும் கேட்டது.

"அண்ணன், நாளைக்குக் கப்பல் வருமாம். இதுதான் கடைசி எண்டும் சொல்றாங்க. புள்ளையோட ஒராள்தானாம்."

"நீ போ."

"இவரையும் பொடியங்களையும் விட்டுப்போட்டா? போறண்டா எல்லாரும் போற. இல்லாட்டி இஞ்சயே கிடக்கம்."

"புள்ளைட கால் அழுகுது எண்டு சொன்னயே."

"ஓம். மணக்குது."

அவர் எனக்கு முன்னால் இருந்த சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப ஏறு. புள்ளைய எடுத்துக்கொண்டு நீ ஏறு. மத்தாக்கள விடு."

 காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"நீங்களா அண்ணன் சொல்ற?"

"ஓம். நான்தான் சொல்றன். விட்டுப்போட்டு ஏறு."

இணைப்பு அறுந்தது. அவளே வைத்தாளா, அதுவாகவே போனதா தெரியாது. அவர் கோப்பையை மூடினார். எழும்பிப் போய் ஸ்டூலில் இருந்தார். உள்ளே இருந்த நாலு பேர் வெளியே வந்ததும் அடுத்த நாலு பேருக்கு விரலைக் காட்டினார்.

அதற்குப் பிறகு அங்கே இருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. அவள் ஏறினாளா இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியாது.

நாலைந்து நாள் கழித்து ஒரு பள்ளிக்கூட வகுப்பு வந்தது. எங்கள் மாடித்தொடர்ப் பக்கத்துப் பிள்ளைகள். சோமாலிப் பிள்ளைகள், பலஸ்தீனப் பிள்ளைகள், வியட்நாம், இரண்டு மூன்று தமிழ், சில டெனிஷ் பிள்ளைகள். இருபத்தைந்து பிள்ளையும் ஒரு இளம் வாத்தியாரும். மதியத்துக்குள் திரும்பிப் போக வேண்டுமாம். நாலு நாலாக விட்டால் எல்லாருக்கும் முறை வராது என்று வாத்தியார் கணக்குப் பார்த்து, பாதிப் பேர் பார்த்தால் போதும் என்றாராம். இதைப் பிறகு அங்கே நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளைதான் எனக்குச் சொன்னது. பாதியில் யார் யார் என்று வாத்தியார் விரலை நீட்டித் தெரிவு செய்துகொண்டிருந்தாராம்.

நான் பட்டறையில் இருந்தேன். திடீரென்று ஒரு சத்தம். அந்தக் குரலை அதற்கு முதல் நான் கேட்டதில்லை. ஊரை விட்டு வந்த நாளோடு அவர் உள்ளே போட்டுப் பூட்டி வைத்திருந்த குரல்.

"முன்னுக்குப் போ! முன்னுக்குப் போ! நடுவில நிக்காத! உள்ளுக்குப் போ மகன், இடம் இரிக்கி! ஏறு ஏறு ஏறு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். பதினொரு சீற்றிலும் இரண்டிரண்டு பிள்ளைகள். நடுவில் நின்றதுகள் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றன. வாத்தியாரையும் உள்ளே தள்ளியிருந்தார். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பிள்ளைகளுக்கு அவர் சொன்னது எல்லாம் விளங்கியிருந்தது. இவர் ஏறவில்லை. வாசல் பலகையில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு, சாவிக்கொத்தால் தகரத்தில் இரண்டு தரம் தட்டினார்.

"றைட்!"

அப்போதுதான் முன் இடது கால் இறங்கியது. பலகை முறிகிற சத்தம். கப்பல் ஒரு பக்கம் சரிந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பயத்தில் இல்லை. கப்பல் வெளிக்கிட்டுவிட்டது என்று நினைத்துப் போட்ட கூச்சல். உள்ளே அந்தப் பெண்குரல் அடுத்த தரிப்பிடத்தின் பெயரைச் சொன்னது.

ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொருத்தராக இறக்கினேன்.  பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். எல்லார் முன்னாலும் கத்தினேன்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? இதென்ன உங்கட பஸ்ஸே? நாலு எண்டெல்லோ எழுதியிருக்கு!"

அவர் பலகையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் புள்ள எழுதின?"

பலகையில் இருந்தது என் கையெழுத்து.

மேலாளர் என்னிடம் அறிக்கை கேட்டார். காவலாள் விதியை மீறினார் என்று நான் இரண்டு வரி எழுதினால் போதும், கொம்யூன் அவரை வேறெங்காவது அனுப்பிவிடும். நான் முழங்காலில் இருந்து பலகையை அளந்தேன். கால் இரண்டு விரல் ஆழம் இறங்கியிருந்தது. அவ்வளவுதான். மற்ற மூன்று காலும் அசையவில்லை. அறிக்கையில் எழுதினேன்: தாங்கும் என்று நான் நினைத்தது பத்துப் பேர். நாலு என்றது நான் குறைத்துச் சொன்னது. இருபத்தாறு பேர் ஏறியும் இரண்டு விரல்தான் இறங்கியது. பிழை எண்ணில், எண் என்னுடையது. மேலாளர் வாசித்துவிட்டு என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அவரை வேலையால் நிற்பாட்டவில்லை. கப்பலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள்.

எங்கேயோ ஒரு மேசையில் இருந்து, காயப்பட்டவரோடு ஒரு ஆள் என்று யாரோ எழுதியிருப்பார்கள். அவர்களுக்கும் காரணம் இருந்திருக்கும். எனக்கும் இருந்தது. தலையிடி.

நசிந்த அந்த எலுமிச்சம்பழத்தை அவர் வெளியே எடுத்துப் பார்த்தார். தோல் மட்டும்தான் மிச்சம். காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. திங்களில் கலைக்கூடம் பூட்டு. ஆனாலும் அவர் வந்து வெளிப்படியில் இருந்தார். நானும் போனேன். துறைமுகத்தில் கொள்கலன்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். 

"நான் சொன்ன சரியா புள்ள?"

எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். கேட்காதவர்களுக்கும் சொல்வேன். அன்று, "தெரியேல்லை அண்ணை" என்றேன்.

இரண்டு கிழமை கழித்துத் தகவல் வந்தது. தங்கச்சி ஏறியிருந்தாள். திருகோணமலை ஆசுபத்திரியில் பிள்ளையின் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். இப்போது முகாமில். புருசனையும் இரண்டு பொடியன்களையும் பற்றி ஒரு தகவலும் இல்லை. இன்றைக்கும் இல்லை. அண்ணனோடு கதைத்தது அந்தப் பிள்ளைதான். அம்மா பக்கத்தில்தான் இருக்கிறா, கதைக்க மாட்டாவாம் என்று பிள்ளை சொன்னதாம். அதை அவர் எனக்கு ஒரு முகமும் காட்டாமல் சொன்னார். பஸ் பிந்தி வரும் என்று சொல்வது போல.

ஜூனில் கண்காட்சி முடிந்தது. கப்பலைக் கழற்ற லண்டனில் இருந்து அவள் வந்தாள். நடந்தது எல்லாம் அவளுக்குத் தெரியும், கோபமே இல்லை. முறிந்த பலகையைப் படம் எடுத்தாள். அடுத்து கப்பல் ஜெர்மனிக்குப் போகிறது, அங்கே வாசலில் புதுப் பலகை வைக்கப் போகிறேன், எண்ணை அவரே சொல்லட்டும் என்றாள். கையில் தூரிகையோடு நின்றாள்.

"உண்மையில் எத்தனை பேர்?" என்று என்னிடம் கேட்டாள். "அன்றைக்கு ஏற்றியது இருபத்தாறுதானே? அதையே போடவா?"

நான் அவரிடம் கேட்டேன். அவர் ஸ்டூலில் இருந்தார். கப்பலுக்குள்ளே பார்த்தார். சீற் எல்லாம் கழற்றி, உள்ளே வெறுமையாக இருந்தது.

"இருபத்தாறு இல்ல எண்டு சொல்லு" என்றார். "இன்னும் மூணு பேருக்கு இடம் இரிந்த."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் அன்றைக்குச் சிரித்தது போலவே சிரித்தாள். பலகையில் இருபத்தொன்பது என்று எழுதினாள்.

எந்த மூன்று பேர் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாலு என்று எழுதியிருந்த பழைய பலகையைக் கழற்றினேன்.